32 ஆம்பியர் பிரேக்கரும் 2.5 சதுர மி.மீ. வயரும்: ஏற்காட்டு கார் ஷெட் ஒன்றில் நடந்தது

பின்னணி

ஏற்காடு ஏரியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் காபியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களும் நிற்கும் சிறு தோட்டங்கள் வரிசையாக வரும். அவற்றுள் ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் இருவர்: 67 வயதான தோட்ட உரிமையாளரும் அவர் மனைவியும். மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு எதிரே, முற்றத்தைத் தாண்டி, ஓட்டுக்கூரை வேய்ந்த ஒரு கார் ஷெட். ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், முன்புறம் இரும்பு ஷட்டர். உள்ளே ஒரு பழைய ஜீப். அதைத் தாமே பிரித்துப் பழுது பார்ப்பதுதான் பெரியவரின் ஓய்வுக்கால வேலை.

ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தில் மின்விசிறி ஓடுகிற அதே டிசம்பர் இரவில் இங்கே கம்பளி வேண்டும். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். விரல்கள் விறைத்து நட்டைத் திருப்ப முடியவில்லை, ஜீப்பின் உடம்பில் பூசிய பட்டி இரண்டு நாளானாலும் காயவில்லை என்று பெரியவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது மகன் ஒரு மின்சார ஹீட்டரைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கூரையிலோ சுவரிலோ தொங்கவிட்டு நேரடியாக வயர் இணைக்கும் வகை, பின்னால் விசிறி. பெயர்ப்பட்டையில் 240 வோல்ட், 5,000 வாட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. கூடவந்த கையேட்டில் ஒரு வரி: 30 ஆம்பியர் பிரேக்கர், 10 கேஜ் செம்பு வயர்.

முதல் பொருத்தல்

உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் பொருத்தினார். கைவேலை சுத்தமான இளைஞர். அவர் செய்த தவறு அலட்சியத்தால் வந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் இடத்தில் இருக்கும் பலரும் அதையே செய்திருப்பார்கள்.

ஷெட்டுக்கு ஏற்கெனவே ஒரு லைன் போயிருந்தது. பிரேக்கர்கள் இருக்கும் வீட்டின் டி.பி. பெட்டியிலிருந்து ஷெட்டின் மூலை வரை 35 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர். பழைய ஆட்கள் பேச்சில் ‘மூன்று இருபது’ என்று இன்னும் சொல்கிற, பவர் பிளக்குக்கு வழக்கமாக இழுக்கும் அளவு அது. வீட்டுச் சுவரோடு பி.வி.சி. குழாயில் ஓடி, முற்றத்தைக் கம்பியில் தொங்கியபடி கடந்து, ஷெட்டுக்குள் நுழைகிறது. அதே குழாயில் வெளிவிளக்குகளுக்கான இன்னொரு ஜோடி வயரும் இருந்தது. ஷெட்டில் இரண்டு குழல்விளக்குகளும் ஒரு கிரைண்டரும் அந்த 2.5 லைனில்தான் ஓடின. 20 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் பிரேக்கர், போட்டிருந்தார்கள்.

இளைஞர் அந்த லைனை ஷெட் சுவரில் இருந்த ஜங்ஷன் பெட்டியில் நீட்டி ஹீட்டருக்குக் கொடுத்தார். ‘10 கேஜ்’ என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சேலத்துக் கடையில் கேட்டதற்கு, ‘அப்படி ஒரு அளவு இங்கே கிடையாது, ஹீட்டருக்கெல்லாம் மூன்று இருபது தாங்கும்’ என்று பதில் வந்திருக்கிறது. வாட்டர் ஹீட்டருக்கு அது சரி. வீட்டு வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட்தான். ஒன்பது ஆம்பியருக்கும் குறைவு. கால் மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். இந்த ஹீட்டரோ ஐந்து கிலோவாட். மூன்று மணி நேரம் விடாமல் ஓடும்.

பிரேக்கர் விழுந்ததும், மாறியதும்

முதல் வாரத்தில் ஹீட்டர் மட்டும் ஓடியபோது தொல்லை இல்லை. கிரைண்டரும் சேர்ந்து ஓடிய நாட்களில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கழித்து 20 ஆம்பியர் பிரேக்கர் விழுந்தது. பெரியவர் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் போய்த் தூக்கிவிட்டு வருவார். அரை மணியில் மறுபடி விழும். நாலைந்து நாள் இப்படிப் போனது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் கையேட்டை மறுபடி பார்த்தார். 30 ஆம்பியர் என்று இருக்கிறது. நம் கடைகளில் 25-க்கு அடுத்தது 32. 20-ஐ எடுத்துவிட்டு 32-ஐ மாட்டினார். அதன்பிறகு பிரேக்கர் ஒருமுறைகூட விழவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

இந்த நிகழ்வின் மையம் இதுதான். கையேடு சொன்ன இரண்டில் ஒன்று மட்டும் நிறைவேறியது. 30 ஆம்பியரும் 10 கேஜும் ஒன்றோடொன்று பிணைந்த ஜோடி. வயர் பழையபடி இருக்க, பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், விழுந்து விழுந்து எச்சரித்துக்கொண்டிருந்த காவலாளியை வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும்.

ஜனவரி மாலை

பொங்கல் கழிந்த வாரம். விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியவரின் மனைவிக்குக் கருவாடு சுடும் வாசனை அடித்தது. தோட்டத்து லயன் வீடுகளில் யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வாசனை. மூன்றாம் நாள் ஷெட்டுக்குத் தேநீர் கொண்டுபோனபோது, வாசனை உள்ளேயிருந்து வருவதைக் கவனித்தார். பெரியவருக்குத் தின்னர் வாடையில் அது தெரியவில்லை. அந்த அம்மாள் நேராக வீட்டுக்குத் திரும்பிப் போய் மெயினையே இறக்கிவிட்டார். இந்தப் பதிவில் வரும் முடிவுகளிலேயே மிகச் சரியானது அதுதான்.

சுவிட்ச், ஹோல்டர், ஜங்ஷன் பெட்டி மூடி ஆகியவற்றில் பயன்படும் சிலவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்குகள் சூடேறிச் சிதையும்போது மீன் வாடை அடிக்கும். மீன் இல்லாத இடத்தில், அதுவும் தினமும் ஒரே நேரத்தில் மீன் வாசனை வந்தால் மின் இணைப்புகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அதை நான் என் வேலையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் பார்த்தவை

சேலத்தில் பட்டறை வைத்திருக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை மலையேறினேன். எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார். இருவருமாக ஜங்ஷன் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். மூடியின் உட்புறம் தேன் நிறத்தில் வெந்திருந்தது. இரண்டு வயர்களை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு. டேப் உருகி வெல்லப்பாகு போல வழிந்து இறுகியிருந்தது. கத்தியால் அதைக் கீறி எடுத்தபோது உள்ளே செம்பு தன் நிறத்தில் இல்லை. கருத்து, நீலம் பாய்ந்து, விரலால் நிமிண்டினால் இழைகள் ஒடிந்தன. முடிச்சுக்கு இருபுறமும் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு இன்சுலேஷன் பழுப்பாகி விறைத்திருந்தது. அதற்கு அப்பால் வயர் நன்றாகவே இருந்தது. ‘அண்ணா, நான் இறுக்கித்தான் முறுக்கினேன்’ என்றார் அந்த இளைஞர். உண்மைதான். இறுக்கமான முறுக்கும் தினமும் சூடாகி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தால் நெகிழும். நெகிழ்ந்த இடத்தில் தடை கூடும்; தடை கூடினால் சூடு கூடும்; சூடு இன்னும் நெகிழ்த்தும்.

சேதமடைந்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல டெர்மினல் வைத்து, எங்கள் கண்பார்வையில் கொஞ்ச நேரம் ஹீட்டரை ஓட்டி அளந்தோம். ஷெட்டில் 226 வோல்ட். கிளாம்ப் மீட்டர் 19.6 ஆம்பியர் காட்டியது. கிரைண்டரும் விளக்கும் சேர்ந்தபோது 22-ஐத் தாண்டியது. வீட்டு டி.பி. பெட்டியில் பிரேக்கரின் ஒரு திருகு அரைச் சுற்று இறுகியது. முன்பு 20 ஆம்பியர் பிரேக்கர் விழுந்ததற்கு இதற்கும் பங்கு உண்டு. தளர்ந்த திருகின் சூடு பிரேக்கருக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டைக்குப் பாய்ந்து, உள்ளதைவிட அதிக மின்னோட்டம் போவதுபோல் அதை வளைக்கும்.

அடுத்து எர்த். எர்த் டெஸ்டரில் 14 ஓம். பாறை மண், குழியில் தண்ணீர் ஊற்றி ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹீட்டரின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டால், 230-ஐ 14-ஆல் வகுத்தால் 16 ஆம்பியர்தான் எர்த் வழியாக ஓடும். 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண லோடு. நாள் முழுக்க விழாது. இரும்பு ஷட்டரும் ஜீப்பும் ஈரத் தரையும் உள்ள இடம். வீட்டில் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுப் பாதுகாப்புக் கருவி எங்கும் இல்லை. கருகிய முடிச்சைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது இதுதான்.

கணக்கு

பெரியவர் பொறுமையாக உட்கார்ந்து, ஒரு பழைய காபி எடைச்சீட்டின் பின்பக்கத்தில் நான் போட்ட கணக்கைப் பார்த்தார். அதையே இங்கும் தருகிறேன்.

240 வோல்ட்டில் 5,000 வாட் என்றால் காயிலின் தடை 240-இன் வர்க்கத்தை 5,000-ஆல் வகுத்து வரும் 11.5 ஓம். இந்தத் தடை மாறாது, வோல்டேஜ்தான் மாறும். நம் 230 வோல்ட்டில் 20 ஆம்பியர் எடுக்கும், சுமார் 4,600 வாட் சூடு தரும். லைன் 195-க்கு இறங்கும் மாலைகளில் 17 ஆம்பியர், 3,300 வாட். பத்து சதவீதம் கூடி 253-க்கு ஏறினால் 22 ஆம்பியர். மோட்டார் வோல்டேஜ் குறைந்தால் அதிகம் இழுக்கும், ஹீட்டர் நேர்மாறு. எனவே நாம் கணக்கில் வைக்க வேண்டியது 22.

இது மணிக்கணக்கில் ஓடும் லோடு. அமெரிக்க விதியில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஓடுவதைத் தொடர் லோடு என்று கொண்டு, அதை ஒன்றேகால் மடங்காக்கிய பிறகே வயரையும் பிரேக்கரையும் தேர்வு செய்வார்கள். 5,000 வாட்டுக்கு அங்கே 20.8 ஆம்பியர், ஒன்றேகால் மடங்கு 26, அடுத்த அளவு 30. கையேட்டில் இருந்த 30 இப்படி வந்தது. நான் 22-ஐ ஒன்றேகால் மடங்காக்கினேன்: 27.5.

2.5 சதுர மி.மீ. செம்பு வயர் குழாய்க்குள் போனால், 30 டிகிரி சூழலில் 24 ஆம்பியர் தாங்கும் என்பது பொதுவான அட்டவணைக் கணக்கு. அதே குழாயில் இன்னொரு ஜோடி ஓடினால் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 0.8 மடங்கு, 19 ஆம்பியராகிவிடும். ஏற்காட்டுக் குளிர் ஓரளவு கைகொடுத்தது. 15 டிகிரியில் கூடுதலாகச் சுமார் ஆறில் ஒரு பங்கு தாங்கும். வயரின் நடுப்பகுதி கருகாமல் தப்பியதற்கு அந்தக் குளிரே காரணம். இதே பொருத்தல் சேலத்தில் ஏப்ரல் மாத ஓட்டுக்கூரைக்குக் கீழே இருந்திருந்தால் குழாய் முழுவதும் வெந்திருக்கும்.

இனி பிரேக்கர். எம்.சி.பி.யின் மேல் எழுதியுள்ள எண், அதைத் தொட்டவுடன் விழும் எண் அன்று. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே தரம். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு இது 22.6-உம் 29-உம். ஹீட்டரோடு கிரைண்டர் ஓடிய நேரங்களில் 23-ஐ ஒட்டிப் போய், தாமதமாக விழுந்தது. செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது. 32 ஆம்பியருக்கு எண்கள் 36-உம் 46-உம். 19 ஆம்பியர் வயரில் 36 ஓடினாலும் இந்தப் பிரேக்கர் வாய் திறக்காது.

வோல்டேஜ் இழப்பையும் பார்த்தோம். போகவர 70 மீட்டர், 2.5 வயரில் 0.48 ஓம். 20 ஆம்பியரில் கிட்டத்தட்ட 10 வோல்ட் வழியிலேயே போகிறது. வாட்டாகச் சொன்னால் 190. இரண்டு நூறு வாட் குண்டுபல்புகளின் சூட்டைக் குழாய்க்குள் பரப்பி வைத்ததுபோல. 4 சதுர மி.மீ. என்றால் 6 வோல்ட். 6 சதுர மி.மீ. என்றால் 4 வோல்ட், 80 வாட்.

கேஜ் என்ற சொல் செய்த குழப்பத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க 10 கேஜ் 5.26 சதுர மி.மீ. நம் பழைய ஆட்கள் பேசும் கேஜ் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவு. அதில் 10 என்றால் எட்டு சதுர மி.மீ.க்கும் மேல். ஒரே எண், இரண்டு தடிமன். இரண்டிலுமே எண் குறையக் குறைய வயர் தடிக்கும். வெளிநாட்டுச் சாதனத்தில் கேஜ் என்று பார்த்தால் சதுர மி.மீ.க்கு மாற்றி, அதைவிடக் குறையாத அடுத்த அளவை எடுக்க வேண்டும். 5.26-க்கு நம் கடையில் அடுத்தது 6. நான்கு அன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, இந்த ஹீட்டரை வைத்துக்கொள்வதா என்பது. திருப்பி வைத்துவிட்டு உள்ளூரில் ஒரு 2,000 வாட் ஹீட்டர் வாங்குங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். பெரியவர் ஒரே வார்த்தையில் மறுத்தார்: ‘பையன் சுமந்து வந்தது.’ அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. திறந்து பார்த்தேன். மூன்று காயில்கள், ஒன்றைத் துண்டித்து மூன்றில் இரண்டு பங்கு சூட்டில் ஓட்டுவதற்கான இணைப்புப் பட்டையைக் கையேடே அனுமதித்திருந்தது. விசிறி 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், காயில் கூடுதலாகச் சூடாகும். ஆக, இரண்டு காயில்களில் ஓட்டுவதே இந்த விசிறிக்கும் நல்லது. 230 வோல்ட்டில் 13.3 ஆம்பியர், மூன்று கிலோவாட் சொச்சம்.

அப்படியானால் 4 சதுர மி.மீ. வயரே போதுமே என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். நல்ல கேள்வி. போதும்தான். ஆனால் நாளை யாரோ ஒருவர் பட்டையைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டால் ஹீட்டர் மறுபடி ஐந்து கிலோவாட். பெட்டிக்கு மேல் எழுதியிருக்கும் முழு லோடுக்கு வயர் போட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 6 சதுர மி.மீ. என்று முடிவானது. குழாய்க்குள் தனியாகப் போனால் 41 ஆம்பியர் தாங்கும்.

பிரேக்கர்? 22-க்கு மேல், 41-க்குக் கீழ். 25 ஆம்பியரும் பொருந்தும்தான்; ஆனால் மூடிய பெட்டிக்குள் மணிக்கணக்கில் 22 ஓடும்போது 25-இன் விளிம்பிலேயே நிற்கும். 27.5 என்ற கணக்கையும் அது தாண்டவில்லை. எனவே 32. ஆம், எலக்ட்ரீஷியன் மாட்டிய அதே 32. 2.5 வயருக்கு முன்னால் ஆபத்தாக நின்ற எண், 6 வயருக்கு முன்னால் சரியான எண் ஆகிவிட்டது. அந்த இளைஞர் பிரேக்கரைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

ஆனால் அந்த ஒற்றைப் பிரேக்கரையே திரும்பப் போடவில்லை. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துருவ எம்.சி.பி. போட்டோம். காரணம் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் என்பது இரண்டு பேஸ்களுக்கு இடையே கிடைப்பது. ஒவ்வொன்றும் எர்த்திலிருந்து 120 வோல்ட். இந்த ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒரு வயரை மட்டும் வெட்டியது. நம்மிடம் ஒரு வயர் பேஸ், இன்னொன்று நியூட்ரல். தெர்மோஸ்டாட் நியூட்ரல் பக்கம் மாட்டிவிட்டால், ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் காயில் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். திறந்து பார்த்தபோது அப்படித்தான் மாட்டியிருந்தது. பேஸ் பக்கம் மாற்றினோம். பிரேக்கரில் ‘பி’ வகை போதும். காயிலுக்குத் தொடக்க இழுப்பு இல்லை. கிரைண்டர் லைனுக்குத்தான் ‘சி’ வகை.

வீட்டு முனையில், ஷெட் லைன் முழுவதற்கும் முன்னால், 40 ஆம்பியர், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இதில் பேரமே இல்லை என்று சொல்லிவிட்டேன். பெரியவரும் பேரம் பேசவில்லை.

வேலை நடந்த விதம்

பிப்ரவரியில் நான்கு நாள். முற்றத்தில் முக்கால் மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, மணல் விரித்து, 6 சதுர மி.மீ. ஆர்மர்டு கேபிளை இறக்கி, மேலே செங்கல் அடுக்குவதாகத் திட்டம். பாதித் தூரத்தில் ஒன்றரை அடியிலேயே பாறை. உடைத்தால் வீட்டு அடித்தளத்துக்கு நல்லதில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் இரும்புக் குழாய்க்குள் கேபிளைவிட்டு, மேலே காங்கிரீட் போட்டோம். ஜீப் ஏறிப் போகும் இடம் அது. நடுவில் ஒரு முடிச்சும் இல்லை. இருமுனையிலும் லக் என்னும் உலோகக் காதை வைத்து, நெரித்து இறுக்கி (கிரிம்ப் செய்து) திருகினோம்.

பழைய 2.5 லைனை எடுத்துவிடவில்லை. ஹீட்டரை அதிலிருந்து கழற்றி, விளக்குக்கும் கிரைண்டருக்கும் மட்டும் விட்டு, 16 ஆம்பியர் பிரேக்கர் போட்டோம். அவர்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு. எல்லா லோடும் ஒரே பேஸில் குவிந்திருந்தது. ஹீட்டருக்கு வேறு பேஸ் கொடுத்தோம். அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாது என்பதால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்கவும் செய்தார்கள்.

புதிதாக இரண்டு எர்த் குழிகள். பாறை குறுக்கிட்டதால் ஒன்றையே ஆழமாகத் தோண்ட முடியவில்லை. இடைவெளி விட்டு இரண்டு போட்டுப் பழையதோடு பிணைத்தோம். 14 ஓம் 5 ஆனது.

ஹீட்டரைத் தலைக்கு மேல் தொங்கவிட்டோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு படியும். தீப்பொறி வரக்கூடிய எதையும் ஷெட்டில் தாழ்வாக வைக்கக்கூடாது. பெட்ரோல் கேனும் தின்னர் டப்பாவும் வெளியே ஒரு சாய்ப்புக்குப் போயின. பெயின்ட் அடிக்கும் நாளில் ஹீட்டர் கிடையாது. பெயின்டை உலரவிட்டு, ஷட்டரைத் திறந்து வாடை போன பிறகே போட வேண்டும் என்று பெரியவரின் மனைவி தாமே ஒரு தாளில் எழுதி ஒட்டினார்.

முழு லோடில் இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு திருகு முனையையும் வெப்பமானியால் பார்த்தோம். ஷெட்டில் 17 டிகிரி. மிகச் சூடான முனை 36. பிறகு மூன்றாம் காயிலைத் துண்டித்தோம்.

பின்னர் நடந்தவை

அந்தக் குளிர்காலத்தின் மிச்சத்தில் தொந்தரவு இல்லை. வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்த நவம்பர் கடைசியில் முதல்முறை ஹீட்டரைப் போட்டபோது ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. எலக்ட்ரீஷியன் எனக்குப் போன் செய்தார். ‘அண்ணா, ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராகக் கொடுத்துப் பார்க்கட்டுமா என்று ஐயா கேட்கிறார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம்?’ என்று கேட்டார். போன ஜனவரியில் இருந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். எனக்கு மனம் நிறைந்தது.

காரணம் ஈரம். குழாய் வகைக் காயிலுக்குள், கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். இந்த மலையின் காலடியில், சேலத்துக் கரடுகளில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லான மாக்னசைட்டைச் சுட்டால் வரும் அதே பொருள்தான். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஒன்பது மாதம் ஓடாமல், மழைக்காலம் முழுவதும் மூடுபனியில் தொங்கிய காயிலின் முனைகள் வழியே ஈரம் இறங்கிவிட்டது. இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரை வைத்தபோது முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

ஹீட்டரைக் கழற்றிச் சேலத்துக்கு எடுத்து வந்தோம். என் பட்டறையில், குண்டுபல்பு எரியும் ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்தோம். மெகர் 5 மெகாஓமைத் தாண்டியது. முனைகளில் வெப்பம் தாங்கும் சீலன்ட் பூசித் திருப்பி மாட்டினோம். அதன்பிறகு விழவில்லை.

மின்கட்டணம் பெரியவருக்கு ஒரு வருத்தம். தினமும் மூன்று மணி நேரம், மூன்று கிலோவாட் என்றால் நாளுக்கு ஒன்பது யூனிட். வீட்டு உபயோகமும் சேர்ந்து இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும். ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டையும், ஓட்டுக்குக் கீழே தகட்டுத் தளமும் போட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் ஓட்டினாலே போதும் என்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தகட்டுத் தளத்தையும் ரப்பர் பட்டையையும் நான் கடைசியில் யோசித்தேன். அதை முதலில் செய்திருக்க வேண்டும். சூடு கூரையிடுக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு ஷெட்டுக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கணக்கிடுவதற்கு முன்பே வயரின் தடிமனில் இறங்கிவிட்டேன். முதலில் அடைத்திருந்தால் பெரியவரே சிறிய ஹீட்டருக்கு ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஈரம் பற்றியும் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினாலே காயில் உலர்ந்திருக்கும். இப்போது அப்படிச் செய்கிறார்கள். சமையலறை நாட்காட்டியில் அந்தத் தேதிகளில் சிவப்பு மசியில் புள்ளி வைத்திருக்கிறார் அந்த அம்மாள்.

எலக்ட்ரீஷியன் தன் பையில் ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறார். 1.5, 2.5, 4, 6, 10 என்று வயர் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே குழாய்க்குள் எத்தனை ஆம்பியர், அதற்கு மேல் போகக்கூடாத பிரேக்கர் எது என்று எழுதியிருக்கிறார். டி.பி. பெட்டிகளின் மூடிக்கு உள்ளே, ஒவ்வொரு பிரேக்கருக்கு நேராகவும் அதிலிருந்து போகும் வயரின் அளவை எழுதி ஒட்டுகிறார். சென்ற மாதம் வேறொரு தோட்டத்தில் 16 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது, 25 போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மூடியைத் திறந்து வயரைப் பார்த்துவிட்டு, 1.5 என்று அவர்களிடம் காட்டி, பிரேக்கரைத் தொடாமல் அந்த லைனில் என்னவெல்லாம் மாட்டியிருக்கிறது என்று தேடப் போய்விட்டார்.